கற்பனைக் கோயிலில் பணி பயிலும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

கற்பனை உலகக் கதை எழுதும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, கோயில் பணிக்குச் சேரும் சிறுவர் சிறுமியரின் பயிற்சியைப் பற்றியவை. தெய்வத்தின் பெயரும் நாட்டின் வரைபடமும் எல்லோரிடமும் தயாராக இருக்கின்றன. விடியற்காலையில் எழுந்த பிள்ளை முதலில் எதைக் கையில் எடுக்கும் என்பதுதான் பல கதைகளில் இல்லை. ஆகவே உண்மையான மரபுகளில் பயிற்சி எப்படி நடந்தது, இன்றும் எப்படி நடக்கிறது என்பதை வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் கதையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அணையா நெருப்புக் கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் நாளே தலைமைப் பூசாரி அவளுக்கு இரகசிய மந்திரம் ஓதுகிறார். படித்த தோழிகள் "நம்ப முடியவில்லை" என்கிறார்கள். முதல் வருடத்தை எப்படி எழுதலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மந்திரத்தை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். முதல் வருடம் சாம்பல், விறகு, தண்ணீர். அவ்வளவுதான்.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமான நிஜ உதாரணம் பழைய ரோமில் இருந்த, அடுப்பின் தெய்வமான வெஸ்தாவின் கோயில். 6 வயதிலிருந்து 10 வயதுக்குள் இருக்கும் சிறுமிகளை அங்கே எடுத்தார்கள். பணியில் இருந்தவர்கள் மொத்தம் ஆறே பேர். பணிக்காலம் 30 வருடம்: முதல் 10 வருடம் கற்பது, அடுத்த 10 வருடம் செய்வது, கடைசி 10 வருடம் கற்றுக்கொடுப்பது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பவள் குறைந்தது இருபது வருடம் அதே அடுப்பருகே நின்றவள். பெரிய வகுப்பறை கிடையாது. ஓரிரு பிள்ளைகளும் ஓரிரு மூத்தவர்களும்தான். உங்கள் சிறுமிக்கும் தலைமைப் பூசாரி வேண்டாம். கரி படிந்த கைகளோடு ஒரு மூத்த பெண்ணைக் கொடுங்கள்.

நெருப்பைக் காப்பது என்றால் நடைமுறையில் என்ன? இரவில் கங்குகளை நடுவில் நெருக்கிக் குவித்து, சலித்த சாம்பலை அதன்மேல் இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்குப் போர்த்துவது. காற்று குறைவாகப் போவதால் கங்கு மெல்லக் கனிந்து விடியும்வரை தாங்கும். காலையில் சாம்பலை விலக்கி, சுள்ளி வைத்து ஊதி, பிறகு நடுத்தர விறகு, அதற்குப் பிறகுதான் கட்டை. கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. சுத்தம் செய்கிறேன் என்று அடிச்சாம்பல் முழுவதையும் வழித்துவிட்டால் கங்கின் சூட்டைத் தரைக்கல் உறிஞ்சிவிடும். கீழே ஒரு படுகை இருந்தே ஆக வேண்டும். ஈர விறகை வைத்தால் சூடெல்லாம் அதன் ஈரத்தை விரட்டுவதிலேயே போகும். மூன்றாவதுதான் உங்கள் கதைக்கு உதவும்: அணைந்துவிட்டதோ என்ற பயத்தில் இரவில் அடிக்கடி சாம்பலைக் கிளறிப் பார்க்கிற பிள்ளையே நெருப்பை அணைத்துவிடும். கிளறும்போதெல்லாம் காற்று புகும், கங்கு வேகமாக எரியும், விடியும்போது மிஞ்சுவது வெறும் சாம்பல். தெரிந்தவள் கிளற மாட்டாள். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே நீட்டிச் சூட்டைப் பார்ப்பாள். இந்த ஒரு கைவாகை அந்தச் சிறுமி பழகிக்கொள்வதே ஓர் அத்தியாயம் தாங்கும்.

ரோமில் நெருப்பு அணைந்தால் பொறுப்பிலிருந்தவளுக்குச் சவுக்கடி. புது நெருப்பை மரக்கட்டையைக் கடைந்து உண்டாக்கி, வெண்கலச் சல்லடையில் ஏந்திக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். தவறு நடக்காவிட்டாலும் ஒவ்வொரு மார்ச் 1-ம் தேதியும் நெருப்பைப் புதுப்பிக்கும் சடங்கு உண்டு. மே மாதம் 7 முதல் 14 வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூத்த பெண்கள் மூவர் கோதுமை வகைக் கதிர்களைப் பறித்து, வறுத்து, இடித்து, மாவாக்கிச் சேமிப்பார்கள். பலிப் பொருள்மேல் தூவும் உப்புமாவு அதிலிருந்துதான். வருடத்தின் நாள்களை இப்படி வேலையால் நிரப்புங்கள். இரகசியம் தானாகச் சேரும்.

கேள்வி: என் உலகத்தில் எழுத்து கிடையாது. வேதம் போன்ற ஒன்றை வாய்மொழியாகவே பயில்கிறார்கள். "மனப்பாடம் செய்தான்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இதை விரித்து எழுத முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: நிச்சயமாக. நம் பக்கத்திலேயே இதற்கு முழு முறை இருக்கிறது.

முதல் படி சந்தை சொல்லுதல். ஆசிரியர் ஒரு துண்டை ஒருமுறை சொல்வார், மாணவர்கள் அதை இருமுறை திருப்பிச் சொல்வார்கள். வேதத்துக்கும் திவ்வியப் பிரபந்தத்துக்கும் இந்த வழிதான். கேரளத்து நம்பூதிரிகள் ரிக்வேதம் சொல்லிக்கொடுக்கும்போது, மாணவனின் தலையைக் கையால் பிடித்து சுவரத்துக்கு ஏற்ப அசைத்துப் பழக்குவார்கள். ஏற்ற இறக்கம் கழுத்தில் பதிந்துவிடும்.

அடுத்தது, சொன்னது மாறாமல் இருக்கச் செய்யும் பூட்டு. உங்கள் கோயிலின் மந்திரத்தில் "கடல், தந்த, உப்பே, காவல்" என்று நான்கு சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரமம் என்ற முறையில் இது "கடல் தந்த, தந்த உப்பே, உப்பே காவல்" என்று இரண்டிரண்டாகப் போகும். ஜடையில் "கடல் தந்த, தந்த கடல், கடல் தந்த" என்று முன்னும் பின்னுமாகப் பின்னும். கனத்தில் மூன்று சொற்கள் சேரும்: "கடல் தந்த தந்த கடல் கடல் தந்த உப்பே உப்பே தந்த கடல் கடல் தந்த உப்பே." பிறகு ஒரு சொல் நகர்ந்து "தந்த உப்பே" என்று மறுபடி தொடங்கும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல் விடுபட்டாலோ இடம் மாறினாலோ பின்னல் உடனே அறுந்துவிடும்; கேட்பவருக்கும் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான வருடம் ஏட்டின் துணையில்லாமல் பாடம் நின்றதற்கு இந்தக் கட்டுமானம் ஒரு முக்கியக் காரணம். வேதம் ஓதும் மரபை யுனெஸ்கோ 2003-ல் மனித குலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

தவறுகள் எங்கே வரும்? ஒரே மாதிரி முடியும் இரண்டு வரிகள் இருந்தால், முதல் வரி முடிந்ததும் நாக்கு இரண்டாவது வரிக்கு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருப்பது முழுவதும் காணாமல் போகும். கூட்டமாக ஓதும்போது பலவீனமான பையன் பக்கத்துக் குரலின்மேல் ஏறிப் போய்விடுவான், அவனுக்கே அது தெரியாது. அதனால் தனியாக நிறுத்திச் சொல்லச் சொல்வது கட்டாயம். நடுவில் தடுத்து, "இதற்கு முந்தைய வரி எது?" என்று கேட்டால் உண்மையாகக் கற்றவன் யார் என்று புரியும்.

பாட்டு மரபு வேண்டுமானால் ஓதுவார்களைப் பாருங்கள். தேவாரப் பண்களைப் பகலில் பாடுவன, இரவில் பாடுவன, எப்போதும் பாடக்கூடியவை என்று பிரித்திருக்கிறார்கள். பூசையில் பஞ்சபுராணம் பாடும்போது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசை மாறாது. உங்கள் கதையில் நடுப்பகலில் ஒரு மாணவன் இரவுப் பண் எடுத்தால், கோயிலில் வளர்ந்தவர்கள் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆபத்து என்று அறிவிக்க அதைவிட நல்ல வழி எது?

கேள்வி: உப்புத் தீவு ஒன்றில், உப்புப் பாறையில் செதுக்கிய தெய்வம். பயிலும் பிள்ளைகளுக்கு நிறையக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன்: பேசக் கூடாது, வெள்ளை உடை, தலைமுடி மழித்தல். ஆனால் எல்லாம் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. கட்டுப்பாடுகளை எப்படி உருவாக்குவது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் தெய்வம் உப்பு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே முழுப் பயிற்சியும் அடங்கியிருக்கிறது.

விதி எதையாவது காக்க வேண்டும். பார்சி நெருப்புக் கோயிலில் குரு பதான் என்ற வெள்ளைத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் நெருப்பருகே போவார். மூச்சும் எச்சிலும் அதன்மேல் படக் கூடாது. பழைய எகிப்தியப் பூசாரிகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடல் முழுவதும் மழித்தார்கள், பேன் முதலிய எதுவும் தெய்வத்தின் முன் வரக் கூடாது என்று. பகலில் இருமுறை, இரவில் இருமுறை குளிர்ந்த நீரில் குளியல். உடுப்பது ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணி, காலில் பாப்பிரஸ் செருப்பு. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். ஆக, கேட்க வேண்டியவை: தெய்வம் எதனால் ஆனது? எது பட்டால் கெடும்? யார் தொடுகிறார்கள்? கெட்டால் எப்படிச் சரிசெய்வார்கள்?

உப்புக்கு எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் நடுவில் இருக்கும் தீவில் இது அன்றாட ஆபத்து. ஆகவே உங்கள் பிள்ளைகள் முதலில் கற்பது காற்றைப் பார்க்கத்தான். விடியற்காலையில் ஒரு தட்டில் தூள் உப்பைப் பரப்பி வாசலில் வைப்பார்கள். அது பொலபொலவென்று இருந்தால் கதவைத் திறக்கலாம், கட்டி பிடித்தால் திறக்கக் கூடாது. கருவறைக்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டி போட்ட மண்பானைகள் நிற்கும். அது ஈரத்தை உறிஞ்சும். பானையில் பாதிதான் நிரப்ப வேண்டும், ஈரம் ஏறினால் சுண்ணாம்பு பூத்துப் பெருகி விளிம்பைத் தாண்டும். தண்ணீர் நேராகச் சொட்டிவிட்டால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பானை மாற்றும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கப் பழக வேண்டும்.

நீரபிஷேகம் நடக்காது. எண்ணெயில் உப்பு கரையாது என்பதால் எண்ணெய்க்காப்பு செய்யலாம். ஆனால் எண்ணெய் பூசிய சிலைமேல் விளக்குப் புகை ஒட்டிக் கறுத்துப்போகும். அதனால் விளக்குகள் கருவறைக்கு வெளியே, அர்த்தமண்டபத்தில்தான். அழுக்கு படிந்தால் துடைக்க நல்ல தண்ணீர் உதவாது. இனி கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். அந்த நீருக்கு மேற்கொண்டு உப்பைக் கரைக்கும் சக்தி இல்லை. துடைத்த உடனே உலர்ந்த பஞ்சுத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால், காயும்போது சிலையின்மேல் புது உப்புமணிகள் படியும். பத்து வருடம் சோம்பேறிகள் கையில் விட்டால் தெய்வத்தின் முகமே மாறிப்போயிருக்கும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வாருங்கள். பேசக் கூடாது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது: மூச்சின் ஈரம். ஒரே நேரத்தில் உள்ளே மூவருக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் சேர்க்கலாம். ஓடிவந்த பிள்ளை வியர்வை அடங்கும்வரை வெளியே உட்கார வேண்டும். ஈர உடையோடு நுழைந்தால் அது குற்றம்; மற்றக் கோயில்களில் குளித்த ஈரத்தோடு போவது பக்தி என்றால் இங்கே அதுவே அபசாரம். பிற ஊரிலிருந்து வருகிற யாத்திரிகனுக்கு இது விளங்காது. அங்கே உங்களுக்கு ஒரு காட்சி காத்திருக்கிறது. அழக் கூடாது என்ற விதியும் தானாக வந்துவிடும். தெய்வத்தின் முன் ஒரு பிள்ளை கண்ணீரை அடக்குவதற்கு இதைவிட வலுவான காரணத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை.

வெள்ளை உடை? அதற்கு உங்கள் தீவில் காரணம் தென்படவில்லை. எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெண்களும் ஆண்களும் சேர்ந்து பயிலலாமா? வாசகர்கள் ஏற்பார்களா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: உங்கள் உலகம், உங்கள் விதி. வெஸ்தாவின் பணி பெண்களுக்கே உரியது. ஜப்பானில் ஷின்டோ ஆலயங்களில் மிகோ என்ற இளம்பெண்கள் பணி செய்கிறார்கள். தமிழ்நாட்டு அரசின் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் 2023-ல் மூன்று பெண்கள் படித்து முடித்தார்கள். தங்குமிடமும் குளிக்கும் இடமும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: என் கதாநாயகன் கோயில் மடைப்பள்ளியில் பயில்பவன். சமையல் காட்சிகளில் என்ன புதுமை காட்டலாம்? வீட்டுச் சமையலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: ஒரே வித்தியாசம், ஆனால் எல்லாவற்றையும் அது மாற்றிவிடுகிறது: ருசி பார்க்க முடியாது. நைவேத்தியம் ஆகும்வரை நாக்கில் வைப்பதற்கில்லை, முகர்ந்து பார்ப்பதற்கும் இல்லை. உப்பு கூடியதா குறைந்ததா என்று யாருக்கும் தெரியாமலே அண்டா சன்னதிக்குப் போகிறது. அதனால் மடைப்பள்ளிப் பயிற்சி முழுவதும் அளவிலும் கண்ணிலும் காதிலும் விரலிலும்தான்.

உப்பிலிருந்து தொடங்குங்கள். வெண்பொங்கலுக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 30 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், அதைப் படியாலோ கரண்டியாலோ அளக்கிற பையனுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. கல் உப்பில் மணிகளுக்கு நடுவே காற்று நிற்கும், தூள் உப்பில் நிற்காது. ஒரே கரண்டியில் தூள் உப்பை அள்ளினால் எடை கூடிவிடும். சரக்கறையில் உப்பு மாறியதைக் கவனிக்காமல் வழக்கமான கரண்டிக்கணக்கில் போட்டால் அன்றைய பிரசாதம் கரிக்கும். அதுவும் விநியோகம் ஆனபிறகுதான் தெரியும், ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில்.

வெந்த பதத்தை ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் வேக வேண்டும். சர்க்கரைப் பொங்கலில் அரிசி குழைய வேகும் முன்னே வெல்லத்தைப் போட்டால் அப்புறம் எவ்வளவு எரித்தாலும் பருக்கை விறைத்தே நிற்கும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டுவது மண்ணும் கல்லும் போக. தாளிக்கும்போது மிளகு வெடிக்கும் சத்தம் ஓய்வதைக் காது சொல்லும்.

அளவைப் பெருக்குவதுதான் புதியவன் தடுமாறும் இடம். ஒரு கிலோ அரிசிக்கு விட்ட தண்ணீரை ஐம்பது கிலோவுக்கு ஐம்பது மடங்காக விட்டால் கஞ்சியாகிவிடும். பெரிய அண்டாவில் அரிசியின் அளவுக்கு ஆவியாகிப் போகும் நீர் குறைவு. இறக்கிய பிறகும் நடுவிலிருக்கும் சூடு வெகுநேரம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் பெரியவர்கள் முக்கால் பதத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே விறகை இழுத்துவிடுவார்கள். எப்போது இழுப்பது என்று வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. பக்கத்தில் நின்று நூறு முறை பார்த்தவனுக்குத்தான் கைவரும். உங்கள் கதாநாயகன் முதல்முறையாகத் தானே விறகை இழுக்கும் தருணத்தை எழுதுங்கள்.

கேள்வி: பூசைப் பாத்திரத்தைக் கைதவறிப் போட்டுவிடும் சிறுவனுக்கு மரண தண்டனை என்று எழுதியிருக்கிறேன். மிகையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மிகைதான். தினமும் பூசை நடக்கிற எந்த இடத்திலும் தவறு நடக்கும். பாத்திரம் நழுவியதற்கெல்லாம் கொன்றால் பயிற்சி கொடுக்க ஆளே மிஞ்ச மாட்டார்கள். நீண்டகாலம் நின்ற மரபுகள் எல்லாமே தவறுக்குப் படிநிலை வைத்திருக்கின்றன. நம் ஆகமங்களில் பிராயச்சித்தம் தனிப் பகுதி: ஒரு வேளைப் பூசை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டித்துச் செய்வது, நாள் கூடக் கூடப் பரிகாரமும் கூடிச் சம்புரோட்சணம் வரை போவது.

6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் கிறித்தவத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேலையில் ஒருவன் எதையாவது உடைத்தாலோ தொலைத்தாலோ உடனே தானே வந்து சொல்லிவிட வேண்டும். அவன் மறைத்து, பிறர் வாயால் தெரியவந்தால் தண்டனை பெரியது. பாத்திரம் உடைந்ததைவிட மறைத்ததே அங்கே குற்றம். உங்கள் சிறுவனை உடைந்த துண்டை வேட்டிக்குள் மறைக்க வையுங்கள். கதை அங்கிருந்து நகரும்.

விபத்தே விதியைப் பிறப்பிப்பதும் உண்டு. எருசலேம் ஆலயத்தில் பலிபீடத்துச் சாம்பலை அள்ளும் பணிக்கு ஆரம்பத்தில் போட்டி ஓட்டம்தான். சாய்தளத்தில் முந்தி ஏறியவனுக்கு அந்தப் பேறு. ஒருநாள் இருவர் சமமாக ஓட, ஒருவன் தள்ளிவிட்டதில் மற்றவனுக்குக் கால் முறிந்தது. அதன்பிறகு பணிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. இளம்பிள்ளைகளின் ஆர்வமும் அதன் ஆபத்தும் ஒன்றாகத் தெரிகிற இடம் அது.

கேள்வி: நாற்பது மாணவர்கள், இருபது அணையா விளக்குகள். இவ்வளவுக்கும் கோயிலுக்கு வருமானம் எங்கிருந்து? எவ்வளவு வேண்டும்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கல்வெட்டுகளில் கணக்கு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களைச் சொல்கிறது. இளைய மாணவர் 270 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவர் 70 பேருக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. உங்கள் நாற்பது பேரும் இளையவர் என்றால் நாளுக்கு 240 நாழி. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆக நாளுக்கு இரண்டரைக் கலம், வருடத்துக்குத் தொள்ளாயிரம் கலத்துக்குச் சற்று மேல். எத்தனை கிராமத்து வரி அது என்பதை உங்கள் நிலத்தின் விளைச்சலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

விளக்குக்கு ஆடு. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்து, மேய்ப்பவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு எழுதும். குட்டி போட்டு ஈடுகட்டிக்கொள்வதால் கணக்கில் அந்த மந்தை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. உங்கள் இருபது விளக்குக்கு 1,920 ஆடுகள். மந்தையில் நோய் விழுந்த வருடத்தில் அந்த மேய்ப்பன் என்ன செய்வான்? அவன் மகன் அதே கோயிலில் விளக்கேற்றப் பயில்பவனாக இருந்தால்? நெய் குறைவதை முதலில் பார்க்கிறவன் அவன்தான்.

மருத்துவத்தையும் மறக்காதீர்கள். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில், கோயிலைச் சார்ந்த 15 படுக்கை மருத்துவமனைக்கு ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று தனித்தனியே படி வைத்திருக்கிறார்கள். நெருப்பும் எண்ணெயும் சுண்ணாம்பும் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் பயில்கிறார்கள் என்றால் இது தேவை.

கேள்வி: பயிற்சி முடிவில் மலையேறுதல், மிருகத்தோடு சண்டை என்று ஒரு பெரிய சோதனை வைக்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வைக்கலாம், ஆனால் அதைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. பெனடிக்டின் விதிப்படி, துறவியாக வருபவனை நான்கைந்து நாள் வாசலிலேயே நிறுத்தி வைப்பார்கள். பொறுத்து நின்றால் உள்ளே விடுவார்கள். 2 மாதம் கழித்து முழு விதியையும் வாசித்துக் காட்டி, "இதன்படி வாழ முடியுமானால் உள்ளே வா, முடியாவிட்டால் தாராளமாகப் போ" என்பார்கள். இன்னும் 6 மாதம் கழித்து மறுபடி வாசிப்பு, இன்னும் 4 மாதம் கழித்து மூன்றாவது முறை. சேரும் நாளில் அவன் கழற்றிய சொந்த உடையை எறிய மாட்டார்கள். உடை அறையில் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஒருநாள் அவன் வெளியேறினால் திருப்பிக் கொடுக்க. கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்தும் ஒருவன் தங்குகிறானா என்பதே அங்கே சோதனை. பார்சிகளிடம் குருத்துவத்தின் முதல் படியான நாவர் ஆவதற்குச் சிறுவன் 72 அதிகாரம் கொண்ட யஸ்னா என்ற வழிபாட்டு நூலை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒன்பது இரவு தனித்திருக்கும் பரேஷ்னூம் என்ற சுத்திச் சடங்கும் உண்டு. மிருகத்தோடு சண்டை போடுவதை வாசகர் நிறையப் படித்திருப்பார்கள். ஒன்பது இரவு யாரையும் தொடாமல் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைப் படித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: குரல் நன்றாக இல்லாத, மந்திரம் நிற்காத பிள்ளையை என்ன செய்வது? துரத்திவிடுவார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரிய கோயிலுக்குப் பூசை செய்பவர் சிலர்தான் தேவை, மற்ற வேலைக்குப் பலர் தேவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் நியமித்தவர்களைப் பாருங்கள். திருப்பதியம் பாட 48 பேர், கொட்டிசைக்க 2 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 3 குறுணி நெல். அவர்களோடு கணக்கெழுதுவோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், மணி கோப்போர், தச்சர், கன்னார் என்று நீளும். பாடுபவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தக் காணியை, அதாவது பணியுரிமையை, பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை துரத்தப்பட மாட்டாள், இடம் மாற்றப்படுவாள். மந்திரம் நிற்காதவளுக்கு எண் நன்றாக நிற்கலாம். அவளைக் களஞ்சியத்துக்கு அனுப்புங்கள். நெல் அளக்கும்போது மரக்காலைத் தட்டி அளந்தால் நெல் இறுகி அதிகம் பிடிக்கும், தட்டாமல் அளந்தால் குறையும். வாங்கும்போது தட்டியும் கொடுக்கும்போது தட்டாமலும் அளக்கிற கணக்கனை முதலில் கண்டுபிடிப்பவள் அவளாக இருக்கட்டும்.